சொல்லிவிட்டு வந்த புயல்

குழந்தை இறந்து பிறந்த இருபத்திரண்டாம் நாள் வானொலியில் புயல் அறிவிப்பு வந்தது. நாள் கணக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குத் துக்கம் காரணமில்லை. அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் எந்தத் தேதியிலிருந்து என்று போட வேண்டியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தோம். வீட்டின் முன்பக்கம் ஓட்டுக் கூரை, பின்னறைக்கு மட்டும் கான்கிரீட் தளம். என் கணவர் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். நான் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பூகோள ஆசிரியை. வங்கக் கடலில் காற்றழுத்தம் எப்படிக் குறைகிறது, குறைந்த இடத்தை நோக்கிக் காற்று ஏன் சுழன்று போகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் எந்தப் புயலுக்காகவும் ஒரு மெழுகுவத்திகூட வாங்கி வைத்ததில்லை.

அந்த மூன்று வாரமும் வீட்டில் பேச்சே இல்லை. என் அம்மா வந்து இரண்டு வாரம் இருந்து பத்தியச் சமையல் செய்தாள். பால் கட்டிக்கொண்டு வலித்தபோது மல்லிகைப் பூவை நெருக்கமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டினாள். பால் வற்ற அதுதான் வைத்தியம் என்றாள். மழைக்காலத்தில் மல்லிகை லேசில் கிடைக்காது. பல்லாவரம் வரை அலைந்து வாங்கி வந்தாள். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. கட்டும்போது அம்மா அழுதாள். நான் அவள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு எப்படியிருக்கும்? தொட்டால் தொடுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. முழு உடம்பும் எனக்கு அப்படி இருந்தது.

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பெண் குழந்தை. ஞானஸ்நானம் ஆகாததால் பெயரும் இல்லை. போதகரும் அவரும் மட்டும் போய்த் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு, கவலையே வேண்டாம்" என்று எங்கள் இருவரையும் அனுப்பி வைத்திருந்தார்.

காலைச் செய்தியின் முடிவில் அறிவிப்பைப் படித்தார்கள். தென்கிழக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுத்திருக்கிறது. நாளை மறுநாள் நண்பகல் வாக்கில் சென்னைக்கு அருகே கரையைக் கடக்கக்கூடும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். அவர் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் அட்லஸ் எங்கே இருக்கு?"

'சாப்பிட்டியா'வைத் தவிர்த்து அந்த மூன்று வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எடுத்துக் கொடுத்தேன். கடலின் நீலத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். மத்தியானச் செய்திக்குப் பிறகு அதற்குச் சற்று மேலே இன்னொன்று. சாயங்காலம் இன்னொன்று. அலுவலகத்துக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் வேலைதான். முருங்கை மரத்தின் கிளைகளை வெட்டித் தள்ளினார். ஓட்டுச் சரிவில் தளர்ந்திருந்த ஓடுகளை ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தார். ஜன்னல் கதவுகளைக் தேங்காய்நார்க் கயிற்றால் உள்பக்கமாகக் கட்டினார். அண்டா, தவலை, பக்கெட் எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீர் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். அரிசியையும் பருப்பையும் பின்னறைப் பரணுக்கு ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தீப்பெட்டிகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். செய் என்றால் செய்வது சுலபமாக இருந்தது. எதற்கு என்று யோசிக்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே நின்று சிரித்தார். "என்ன சார், ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் ரேடியோவை நம்புறீங்க போலிருக்கு. போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க. நாலு தூறலோட போயிடுச்சு."

"இருக்கட்டும் சார்" என்றார் இவர், ஏணியிலிருந்து இறங்காமலே.

அன்று மாலை காபி கொடுக்கும்போது நானும் கேட்டேன். "வராமப் போனா?"

"வராட்டி நல்லதுதானே" என்றார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "இது சொல்லிட்டு வருதும்மா. சொல்லிட்டு வர்றதுக்குக்கூட நாம தயாரா இல்லேன்னா எப்படி?"

டம்ளரைக் கழுவப் போட்டேன். அவர் சொன்னது புரிந்தது. புரிந்த பிறகும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் தூறல் தொடங்கிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் கொல்லையில் அடுக்கிப் போட்டிருந்த பழைய செங்கற்களில் சிலவற்றை என் கணவர் ஒரு கோணிப் பையில் கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. கூரைக்கு எங்காவது முட்டுக் கொடுக்கவோ என்னவோ என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பை காலி. முழங்கால் வரை செம்மண் சேறு. கிணற்றடியில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

"அங்கே மண்ணு இன்னும் இறுகலை" என்றார், குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டே. "பெரிய மழை வந்தா கரைஞ்சிடும். சுத்தி வெச்சுட்டு வந்தேன்."

அது கல்லறை ஓரத்து மண் என்று தெரிந்தது. இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். சேறு போகிற வரைக்கும் ஊற்றினேன்.

கிணற்றடியிலிருந்து நேராக ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போனார். அங்கே எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வாசல் பெருக்கி வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் புருஷன் பல்லாவரம் கல்குவாரியில் வேலை. அவளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை. எனக்கு அப்படி ஆனதிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகாதே என்று யாராவது சொல்லியிருக்கலாம். குழந்தையோடு என் முன்னால் வந்து நிற்கக் கூச்சமாகவும் இருந்திருக்கலாம். எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை. நானே பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். அவள் புடவைத் தலைப்பால் குழந்தையை மூடியிருந்தாள். மழைக்காக மூடினாளா, என் கண்ணில் படாமலிருக்க மூடினாளா தெரியவில்லை. "சார் மழைல நனைஞ்சிகினு வந்து சொன்னாரு டீச்சரக்கா. அதான்" என்றாள், தரையைப் பார்த்தபடி. பின்னறையில் பாயை விரித்துக் கொடுத்தேன்.

நண்பகல் வந்தது. புயல் வரவில்லை. மழை நின்றுபோய், மேகத்துக்கு நடுவே சோகை பிடித்த மாதிரி ஒரு வெயில்கூட அடித்தது. என் கணவர் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கொரகொரவென்ற சத்தத்தைத் தவிர அதில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தில் நான் பார்த்தது ஏமாற்றமா, பயமா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

குவாரிக்காரன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "இன்னா சார், வெயிலு அடிக்குது. புயலு எங்க கீது? வூட்ல ஆட்டைக் கட்டிப்போட்டு வந்துகீறேன். நாங்க கெளம்புறோம்."

"இருப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம் பாத்துட்டுப் போ."

"நீ சொன்னேன்னு தான் சார் வந்தேன். ஒரு நாள் கூலி போச்சு. ரேடியோல சொல்றவன் மெட்ராஸ்ல குந்திகினு சொல்றான். அவனுக்கு இன்னா தெரியும்?" பெண்டாட்டியிடம் திரும்பினான். "எய்ந்திரு. கொயந்தைய எடு."

"போகாதேன்னு சொல்றேன் இல்ல!" என்று இவர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. வாசற்கதவின் குறுக்கே போய் நின்றுகொண்டார். குவாரிக்காரன் அவரை முறைத்தான். "இது இன்னா பேஜாரு சார்? வயி வுடு."

அப்போது நான் பேசினேன். "நீங்க வேணும்னா போங்க. குழந்தையை மட்டும் விட்டுட்டுப் போங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது அந்த அறையில் எப்படி ஒலித்தது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அதில் என்ன இருந்ததோ, ஒன்றுமே இல்லாததுதான் அவளுக்குத் தெரிந்ததோ. எழுந்தவள் மறுபடியும் பாயில் உட்கார்ந்தாள்.

"நா வரல. நீ வோணும்னா போய் ஆட்டை இட்டுகினு வா" என்றாள் புருஷனிடம்.

அவன் போகவில்லை. முனகிக்கொண்டே சுவரோரம் குந்தினான்.

மூன்று மணிக்கு வெளிச்சம் சட்டென்று மங்கியது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் பக்கத்து ரயிலின் சத்தம் எனக்குத் தெரியும். இது நின்று போகிற சத்தமாக இல்லை. முன்பக்க ஓடுகள் முதலில் ஒவ்வொன்றாகவும், பிறகு வரிசை வரிசையாகவும் கிளம்பின. ஐந்து பேரும் பின்னறைக்குள் வந்துவிட்டோம். கதவின் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. ஆண்கள் இருவரும் தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்தார்கள். போதவில்லை. அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தானும் முதுகைக் கொடுத்து நின்றாள்.

குழந்தை வீறிட்டு அழுதது. காற்றின் இரைச்சலில் அழுகை கேட்கவில்லை, திறந்த வாய் மட்டும் தெரிந்தது. என் ரவிக்கை நனைந்தது. மழைச்சாரல் என்று நினைத்தேன். இல்லை. அம்மா அவ்வளவு பூ கட்டியும் பால் முழுக்க வற்றியிருக்கவில்லை.

கதவில் சாய்ந்தபடியே அவள் பார்த்துவிட்டாள். தலையை ஆட்டிக் கத்தினாள். "குட்துடுக்கா! பசிச்சிகினு கீது, குட்துடு!"

சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தேன்.

அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ உடைந்தது, திறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் அழுக்கு இருந்தது, பவுடரும் வியர்வையும் சேர்ந்து திரண்ட அழுக்கு. அதை விரலால் துடைத்தேன். அது குடித்தது. தூங்கிப்போனது. வலி குறைந்தது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது என் கணவர் கதவில் நெற்றியை வைத்துக் கண்களை மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. கதவு ஆடியதால் குலுங்கியிருக்கலாம்.

இருட்டுவதற்கு முன் காற்று அடங்கிவிட்டது. வெளியே வந்து பார்த்தோம். முன்பக்கக் கூரையில் பாதி இல்லை. கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் உடைந்த ஓடுகள். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் விழுந்து கிடந்த தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார்; எங்களைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். ஏரிக்கரையில் குடிசைகள் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் காற்று கிளம்பியதுமே பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். குவாரிக்காரன் கரைமேல் கொஞ்ச தூரம் நடந்து தேடினான். ஆடு கிடைக்கவில்லை. திரும்பி வந்து என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னது கரீட்டு சார்" என்றான். "டைம்தான் தப்பு."

என் கணவர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. குவாரிக்காரன் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து எல்லோருக்கும் கஞ்சி வைத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாம்பரம் போய்வந்தார். "அப்படியே இருக்கு" என்றார். "சரி" என்றேன்.

அவர்கள் எங்களோடு ஒன்பது நாள் இருந்தார்கள். அவள் என்னிடம் கேட்காமலேயே குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஓடு பொறுக்கப் போவாள். அன்றைக்குப் பிறகு நான் பால் கொடுக்கவில்லை, தேவைப்படவுமில்லை. கொஞ்ச நாளில் அது தானாக நின்றுவிட்டது. பிறகு கீழ்க்கட்டளையில் அவள் அண்ணன் வீட்டருகே இடம் கிடைத்துப் போனார்கள். போகும்போது, "வூட்டுக்கு வா அக்கா" என்றாள். இரண்டு தடவை போனேன். அதோடு விட்டுப்போயிற்று.

எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கேட்கிறவர்களிடம் இரண்டு என்றுதான் சொல்வேன். அவர் மட்டும் யாராவது கேட்டால் ஒரு நொடி தாமதித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மரத்துப்போனது எப்போது விலகியது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். பாடம் நடத்தினேன், நோட்டுத் திருத்தினேன், எல்லாம் கை போன போக்கில் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். கூடைக்காரி ஒருத்தி வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தாள். ஆவியில் உப்பும் மண்ணும் கலந்த வாசனை. எனக்குப் பசித்தது. சாப்பாட்டு நேரமாயிற்றே என்று சாப்பிடுகிற பசி இல்லை அது, வயிற்றைப் பிடித்து இழுக்கிற பசி. ஒரு பொட்டலம் வாங்கி, டீச்சர் என்பதையும் மறந்து, நின்றபடியே உரித்து உரித்துத் தின்றேன். ரயில் வந்து நின்று போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு நிற்கும்போது இன்னொரு பொட்டலம் வாங்கினேன்.