நெட்டுதான் காரணம் என்றேன்

1. புது லேப்டாப்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரே ஒரு புது லேப்டாப் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அங்கே பில்ட் வேலை பார்க்கிறவன் நான். முதலாளி அண்ணாச்சி அதை, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஜெபச்செல்வியிடம் தூக்கிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது.

இரண்டாம் நாளே அந்த லேப்டாப் என் வயிற்றில் பால் வார்த்தது. கன்டெய்னர் பில்ட் என்றால், புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது. என் பழைய லேப்டாப்பில் அதற்கு ஆறு நிமிஷம். அவளுடையதில் ஐம்பது.

"அண்ணே, எதனால இப்படி இழுக்குதுன்னு கொஞ்சம் பாக்கியளா?" என்றாள்.

பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் லிஸ்ட் முழுக்க எமுலேட்டர், ஒரு புராசசரை இன்னொன்றைப் போல நடிக்க வைக்கும் புரோகிராம். எங்கள் சர்வரிலும் என் பழைய லேப்டாப்பிலும் இருப்பது எக்ஸ்86 ரகப் புராசசர், அந்தப் புது லேப்டாப்பில் ஆர்ம் என்ற வேறு ரகம். பில்ட் முழுவதும் எக்ஸ்86-இல்தான் நடக்க வேண்டும் என்று, பொட்டலம் கட்டும் முறையை எழுதிவைக்கும் டாக்கர்ஃபைலில் ஒரு வரி இருந்தது. அதனால் லேப்டாப் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை எப்போதோ எழுதியவன் நான்.

"நெட்டு ஸ்லோவா இருக்கும்மா. பைய ஆகும்" என்றேன்.

2. கைமாறியது

ஒரு வாரம் அவள் நெட்டோடு மல்லுக்கட்டினாள். எங்கள் புரோகிராமை வாங்கியிருந்த முக்கூடல் அரிசி ஆலைக்குக் கொடுக்க வேண்டிய திருத்தம் இரண்டு முறை தள்ளிப்போனது. அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"புது சாமான் வாங்கிக் குடுத்தும் வேலை நடக்கலையே! உன்னைய நிரந்தரமாக்குததப் பத்தி யோசிக்கணும், பாத்துக்கோ. லேப்டாப்ப அவன்ட்ட குடு."

அவள் சார்ஜர் வயரை ஒழுங்காகச் சுற்றி என் மேஜையில் வைத்தாள். நான் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது.

புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைல் வேலை மட்டும் லேப்டாப்பின் சொந்தப் புராசசரில் நடக்கட்டும், வெளிவரும் ஃபைல் எக்ஸ்86-க்கு ஆகட்டும் என்று மாற்றினேன். இரண்டே வரி. பில்ட் நாலு நிமிஷத்தில் முடிந்தது.

"எல்லாரும் பாருங்கவே, அனுபவம்னா இதுதான்!" என்றார் அண்ணாச்சி.

ஜெபச்செல்வி தன் இடத்திலிருந்தே அந்த மாற்றத்தைத் திறந்து படித்தாள். பழைய வரி, புது வரி, இரண்டின் பக்கத்திலும் என் பெயர். எழுந்து வந்தாள்.

"நான் கேட்ட அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

எழுந்தேன். அண்ணாச்சி அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"ஏலே, ஒரு பிள்ளைக்க வேலையவே தின்னுருப்பியேலே!" என்று கத்தினார். லேப்டாப் அவளிடம் திரும்பிப் போனது. அடுத்த மாதம் அவள் வேலையும் நிரந்தரமானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பில்ட் இழுத்தால் முதலில் எமுலேட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். தெரிந்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்த லேப்டாப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அதைவிட எரிகிற விஷயம் ஒன்று உண்டு. ஜெபச்செல்விக்கு பில்ட் நின்றால், என் மேஜையைத் தாண்டிப் போய், போன மாதம் சேர்ந்தவனிடம் கேட்கிறாள்.