காய்ச்சல் இல்லாத லீவு லெட்டர்

இன்று காலை படப்பையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே மகளின் பள்ளிச் சுவரிலிருந்து புதுப் பெயின்ட் வாசனை. வாசலில் பெரிய பேனர். சர்வதேச மாணவர் மதிப்பீட்டுத் தேர்வில் எங்கள் பள்ளி பல நாடுகளின் சராசரியைத் தாண்டிவிட்டதாம். கீழே சிரித்த முகமாகப் பிள்ளைகளின் படங்கள். அதில் என் மகள் ஸ்டெல்லா இல்லை. காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்தப் பெயின்ட் வாசனை என்னை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. டிப்ளமோ முடித்த கையோடு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் தரம் பார்க்க வருவதற்கு முந்தின நாள் தரையின் மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். ரிஜெக்ட் ஆன பீஸ்கள் கிடக்கும் சிவப்பு டிரேக்கள் கேன்டீனுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போய்விடும்.

"யம்மா, நாளிக்கு வெள்ளைக்காரன் கண்ண மூடிகினு கைய வுட்டாலும் நல்ல பீஸுதான் வரணும், இன்னா?" என்பார் சூப்பர்வைசர்.

நல்லதாகப் பொறுக்கி மேலே அடுக்குவது என் பொறுப்பு. அந்த மனிதர் ஏதோ தானே தேர்ந்தெடுப்பதுபோல எடுப்பார். நாங்கள் பயபக்தியோடு பக்கத்தில் நிற்போம். பாஸானால் பிரியாணி. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. லெக் பீஸ் எனக்குத்தான்.

அந்தக் கண் போன வருடம் எங்கே போயிற்றோ.

தேர்வு நடத்துகிறவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து குலுக்கல்போலச் சிலரை எடுத்தார்கள். ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. அவள் எதையும் மெதுவாகத்தான் படிப்பாள். பாடப் பரீட்சைகளில் பாதித் தாளிலேயே மணி அடித்துவிடும். மாதிரித் தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. தடுப்பூசி முகாம் பற்றிய ஓர் அறிவிப்பு. இதில் எது தகவல், எது எழுதியவரின் கருத்து என்று கேள்வி. தோசையை மென்றுகொண்டே சரியாகச் சொன்னாள். "மா, இதுக்கு மனப்பாடமே வாணாம்மா. யோசிச்சா வந்துடுது." ஒரு கேள்வித்தாளைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாளில் அந்தத் தேர்வுக்குப் பொறுப்பான ஆசிரியை கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டெல்லாவுக்குத்தான் டென்ஷன். அன்னிக்கு மட்டும் காய்ச்சல்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

எத்தனை சிவப்பு டிரே பார்த்தவள் நான்! ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு இதே பள்ளியில்தானே இடம் கேட்டு நிற்க வேண்டும்? நின்ற இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வு நாளன்று யூனிஃபார்மோடு நின்றவள், "எனக்குக் காய்ச்சல் இல்லியேம்மா" என்றாள். பிறகு, "நான் போனா ஸ்கூல் மார்க் கொறஞ்சிடுமா?" என்றாள். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கோ ஒரு நாட்டில் அட்டவணை போடுகிறவர்களுக்கு அவள் அன்று வராத ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அந்த அட்டவணையைக் காட்டி இங்கே தினமும் அந்தத் தேர்வுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு. அதற்காக நூலக வகுப்பை எடுத்துவிட்டார்கள். அப்படி எதைத்தான் அளந்தார்கள்? பிள்ளைகளின் படிப்பையா, எங்கள் பொறுக்கலையா? இன்று அதே ஆசிரியையிடம் கேட்டேவிட்டேன்.

"ரேண்டமாத்தான் எடுத்தாங்க மேடம். லெட்டர் நீங்கதான குடுத்தீங்க?"

உண்மைதான்.

போன வாரம் கணக்கு டெஸ்ட் என்றதும் ஸ்டெல்லா ஒரு தாளை நீட்டினாள். தனக்குக் காய்ச்சல் என்று அவளே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். "போடும்மா, உனக்குப் பழக்கந்தான." குரலில் கேலிகூட இல்லை.

முன்பெல்லாம் எந்தப் பரீட்சைக்கும் ஷூவை மாட்டிக்கொண்டே, "வந்தா வருது, வராட்டிப் போவுது, போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.