சைக்கிளைப் பிடித்த கை

1. கீறல்

ஒரு மனிதரின் சைக்கிளை அழிக்க மறுத்ததால் எனக்கு ஒருமுறை வேலை போனது. ஃபோட்டோ டச்சிங் பழக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால், பாதிப் பேர் "அக்கா, ஒரு சைக்கிள்தானே?" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் ஒரு சின்ன ஃபோட்டோ லேப். பத்ரோன், அதாவது முதலாளி, பாண்டிச்சேரிக்காரர். அவரை 'முசியே', அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவேன். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் பழகியவள். மணப்பெண்ணின் முகத்திலிருந்து அம்மைத் தழும்பை எடுப்பது, மாப்பிள்ளையின் சொட்டைக்குத் தலைமயிர் வைப்பது எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த மாதம் என் வதிவிட கார்ட்டைப் புதுப்பிக்க பிரிஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் வேலைக் கடிதம் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைத் தர வேண்டியவர் பத்ரோன்.

அப்போது ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு பெட்டி நிறையப் பழைய கண்ணாடி நெகட்டிவ்களுடன் வந்தார். நைஜீரியாவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அங்குள்ள இக்போ மக்களை யாரோ எடுத்த படங்கள். பெரிதாக்கிக் கண்காட்சி வைக்கப்போகிறாராம். டார்க் ரூமில் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. கிழங்குகளைக் கயிற்றில் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் மதில் போல நிறுத்திய ஒரு முற்றம். தோளிலும் கையிலும் கோலம் போலக் கரிய கோடுகள் வரைந்துகொண்ட பெண்கள். சாமான்களோடு ஒரு சந்தை. கடைசியாக ஒரு பெரியவர். தொப்பியில் கழுகு இறகு, ஒரு கை சைக்கிளின் ஹாண்டிலில், நெற்றி முழுக்க நெருக்கமான கோடுகள்.

பத்ரோன் பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெகட்டிவ்ல ரொம்பக் கீறல் விழுந்திருக்கு. மொகத்தை நல்லா சுத்தம் பண்ணிடும்மா."

"கீறல் இல்லை முசியே. கீறல் எண்டால் பின்னாலை சுவரிலையும் ஓடியிருக்கும். இது முகத்தோடை நிக்குது. தோலிலை இருக்கிற கோடு."

"எதுவா இருந்தா என்ன? தழும்பை எடுக்கறதுதானே ஒன் வேல?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஸ்டூடியோக்களில் முகம் என்றால் மொழுமொழு என்று இருக்க வேண்டும். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேல்மாடியில் எமேக்கா என்ற துணி வியாபாரி குடியிருந்தார். அவர் இக்போக்காரர். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தகராறு என்பதால் படிக்கட்டில் கண்டால் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். பிரிண்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

அவர் கதவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதற்குப் பெயர் இச்சி" என்றார். "பெரிய மனிதர்கள் கத்தியால் போட்டுக்கொள்வது. போடும்போது முனகக்கூடாது. என் தாத்தாவின் முகத்திலும் இருந்ததாக அம்மா சொல்வாள். எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் உள்நாட்டுச் சண்டையில் போய்விட்டன. இப்படி ஒரு முகத்தைப் படத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

எங்கள் வீட்டு ஆல்பமும் எரிந்ததுதான். அதை அவரிடம் சொன்னேன். அந்த முகத்தில் நான் பிரஷ் வைக்கவில்லை.

2. சைக்கிள்

பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்தார். முகத்துக் கோடுகளைக் கண்டு அவருக்கு ஒரே சந்தோஷம். பத்ரோன் உடனே, தான்தான் அதை வைக்கச் சொன்னதாக ஒரு போடு போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு பிரெஞ்சுக்காரரின் விரல் சைக்கிளின் மேல் வந்து நின்றது. ஏதோ சொன்னார். அந்தப் பிரிண்டைத் தானே குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

பத்ரோன் எனக்கு விளக்கினார். "சைக்கிள் இருந்தா அசல் பழங்குடியாத் தெரியலையாம். எடுத்துடணுமாம்."

அசலாக இருப்பதற்காக அழிக்க வேண்டுமாம்! செய்ய முடியாத வேலை இல்லை. ஏர் பிரஷால் சாம்பல் நிறம் ஊதி, மேலே மண்ணும் புல்லும் வரைந்து, மறுபடி படம் பிடித்தால் முடிந்தது.

ஆனால் நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊரில் புதுச் சைக்கிள் வாங்கியவர் முதல் வேலையாக அதைத் துடைத்து உருட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குத்தான் வருவார். என் அப்பாவின் கலியாணப் படத்தில் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் சைக்கிள். அப்பாவின் கை இருந்தது சைக்கிளில். அதை அம்மா கடைசிவரை சொல்லிக்காட்டினாள். இந்தப் பெரியவரும் அப்படித்தான். சைக்கிள் தற்செயலாக அங்கே நிற்கவில்லை. அவர் கொண்டுவந்து நிறுத்தியது.

"ஏலாது முசியே" என்றேன்.

"என்னது?"

"தூசி எடுக்கிறன், கறை எடுக்கிறன். அந்தாள் ஆசையாக் கொண்டுவந்து வைச்ச சாமானை எடுக்க மாட்டன்."

"அவரு செத்து எத்தினியோ காலம் ஆச்சு. வந்து கேக்கப் போறாரா?"

"அவர் வந்து கேக்க மாட்டார் எண்டுதானே எடுக்கச் சொல்லுறியள்."

பத்ரோனின் முகம் சிவந்துவிட்டது. "கிளியான், காசு குடுக்கறவரு, சொன்னா செய்யணும். செய்யலேன்னா வேலையும் கெடையாது, கடிதமும் கெடையாது. நல்லா யோசிச்சுக்க."

யோசித்தேன். கார்ட் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாங்கள் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் செய்யப் பார்த்தார்கள் என்றுதானே ஊரை விட்டு ஓடி வந்தோம்? இங்கே என் கையாலேயே இன்னொருவருக்கு அதைச் செய்வதா?

குளிருக்குப் போடும் கோட்டை மாட்டினேன். குப்பைக்கூடையிலிருந்த பிரிண்டை எடுத்துச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

"அதை எங்க எடுத்துனு போற?"

"குப்பைதானே முசியே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

3. கண்காட்சி

பத்ரோன் ஏர் பிரஷைத் தானே பிடித்திருக்கிறார். கண்காட்சி தொடங்கிய அன்று எமேக்காவும் நானும் போனபோதுதான் அது தெரிந்தது. சுருட்டிய பிரிண்ட் என் கையில் இருந்தது.

அவர் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். சைக்கிளின் சில்லுகள் இல்லை, சீற் இல்லை, புல் கூட நன்றாகத்தான் முளைத்திருந்தது. ஆனால் கை? கையை அவர் என்ன செய்வார்? விரல்களை மடக்கி, இடுப்பு உயரத்தில், வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார் பெரியவர்.

எங்கள் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். "கையில் எதைப் பிடித்திருக்கிறார்?" என்று மனைவி கேட்டாள்.

"ஏதாவது சடங்காக இருக்கும்" என்றான் கணவன்.

எமேக்கா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. என் கையிலிருந்த பிரிண்டை வாங்கி விரித்து, சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார். "வெலோ, மதாம்" என்றார் உரக்க. "சைக்கிள்!"

பிரிண்ட் சுருண்டு சுருண்டு வந்தது. நான் போய் மறு முனையைப் பிடித்தேன். ஆட்கள் கூடினார்கள். இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். பிரெஞ்சுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மதாம், அது என்னுடைய நெகட்டிவ்!"

எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். அது போதுமாக இருந்தது.

"நெகட்டிவ் உங்களுடையது. சைக்கிள் அவருடையது."

எங்களை வெளியே அனுப்பினார்கள். போனோம். ஆனால் வாசலுக்கு வெளியே நின்று, வந்தவர் போனவருக்கெல்லாம் கை உளையும்வரை அதைப் பிடித்துக் காட்டினோம். அந்தப் பிரிண்ட் எமேக்கா வீட்டுச் சுவருக்குப் போனது. எனக்கு வேறொரு ஸ்டூடியோவில் வேலையும் கடிதமும் கிடைக்கும்வரை பிரிஃபெக்சர் வரிசையில் நாய் படாத பாடு பட்டேன். பட்டதற்கு வருத்தமில்லை.

டச்சிங் பழகும் பிள்ளைகளே, இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் எதையும் அழித்துவிடலாம் என்கிறீர்கள். சரி, அழியுங்கள். ஆனால் முதலில் கையைப் பாருங்கள். கை அதைப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.