ஓடாதவருக்கு ஒரு ஜாமீன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் கணவரைக் கைது செய்தார்கள். அவர் வளைகுடா நாடு ஒன்றின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அங்கே கம்பி அறுந்து இரும்புக் கட்டு விழுந்ததில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். அந்த நாட்டுப் போலீஸ் என் கணவரை விசாரித்து அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகே அவர் ராஜபாளையம் திரும்பினார். வெகுநாள் கழித்து அந்த நாடு, 'தப்பியோடிய குற்றவாளி, ஒப்படையுங்கள்' என்று கேட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஜாமீன் கேட்டோம். வாரண்ட் டெல்லி கோர்ட்டுடையது, அங்கேதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் நீதிபதி. டெல்லிக்குக் கொண்டுபோனார்கள்; அங்கேயும் முதல் மனு தள்ளுபடியானது. எங்களுக்காக வாதாடிய தமிழ் வக்கீலம்மா போனில் விளக்கினார்.

"ஆள் ஓடிட்டா நம்ம நாடு இன்னொரு நாட்டுக்குக் குடுத்த வாக்கு போயிரும்னு பயப்படுதாங்க. ஜாமீனே கெடையாதுன்னு சட்டம் சொல்லல. ஓட மாட்டார்னு நாமதான் நம்ப வைக்கணும்."

ஜாமீன் கையெழுத்துக் கேட்டு, தேவதானத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் கணவருடைய சித்தப்பாவிடம் போனேன்.

"வெளிநாட்டு வெவகாரம். அவன் ஓடிட்டா ஏந்தோப்பு போயிரும். நீயும் பேசாம ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

"ஏம் வீட்ட விட்டுப் போக நான் என்ன தப்புப் பண்ணேன், மாமா?"

நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் மில்லில் லீவு போட்டுவிட்டு, என் பெயரில் இருக்கும் வீட்டையே ஜாமீனாகக் காட்டத் தாசில்தார் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்று வாங்கினேன். ஊருக்கு வந்ததும் என் கணவர் தன் பெயரிலேயே புதுப்பித்த லைசென்சையும், இதே முகவரியில் இருந்த ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டேன். ஒளிந்திருப்பவன் இதையெல்லாம் செய்வானா?

டெல்லியில் இரண்டாவது மனு விசாரணைக்கு வந்தபோது, நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டதை வக்கீலம்மா தமிழில் சொன்னார்: இவர் ஓடிவிட்டால் உங்கள் வீடு போய்விடும், தெரியுமா?

"தெரியும். ஓடுறவியளா இருந்தா, செத்தவரு ஒடம்போட ஆஸ்பத்திரி வரைக்கும் அவிய போயிருக்க மாட்டாவ."

நான் தலையைக் குனியவில்லை. கூண்டில் நின்ற அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாட்டிலிருந்து வரவேண்டிய ஆதாரங்களும் முழுதாக வந்துசேரவில்லை. ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வேண்டும், வாய்தாவுக்கு டெல்லி வர வேண்டும், வாரந்தோறும் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் திங்கட்கிழமை ஸ்டேஷனில் ஏட்டையா நல்ல மனதோடுதான் சொன்னார்: "இருட்டுன பொறவு வாங்கம்மா. நாலு பேரு கண்ணுல பட வேண்டாம்."

"பகல்லயே வாரோம் சார். பாக்கட்டும்."

விசாரணை இன்னும் முடியவில்லை. ஒப்படைப்பார்களா, விடுவிப்பார்களா, தெரியாது. திங்கட்கிழமை தோறும் கடைத்தெரு வழியாக, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து போகிறோம்.