முந்தானையில் ஆரம்பித்த சேலை: திருச்சியிலிருந்து சின்னாளபட்டிக்கு

இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன், இன்னொருவர் ஓட்டும் பஸ்சில் நிம்மதியாக உட்கார மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக டிரைவர்களைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தை மாதம் நானும் என் மனைவி மலரும் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாகச் சின்னாளபட்டிக்குப் போய்வந்தோம். சுங்குடிச் சேலை வாங்க எத்தனையோ பேர் போகிற ஊர்தான். நான் போனது, நானே முடிச்சுப் போட்ட சேலைக்குச் சாயம் ஏற்ற.

முதுகில் ஆபரேஷன் முடிந்ததும், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டில்காரரின் மனைவி தினமும் ஒரு சுங்குடி கட்டி வருவார். சுருள் சுருளாகப் போகும் அந்த வெள்ளைப் புள்ளிகளைக் கண்ணாலேயே தொடர்ந்து போனால் வலி கொஞ்சம் விலகி நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் புள்ளிகள் என்னை விடவில்லை. மொபைலில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். துணியை நகக்கண் அளவுக்குக் கிள்ளி நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. வீட்டோடு கிடந்த அந்த மாதங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டது இந்த வேலைதான்.

நாங்கள் சின்னாளபட்டி போன மறுநாள் வத்தலக்குண்டில் மலரின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "மாப்ள இன்னும் சும்மாதான் இருக்காராத்தா?" என்று அவள் சொந்தக்காரர்கள் போனில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "நீங்க முடிச்சுப் போட்ட சேலையோடதான் மணப்பந்தல்ல நிப்பேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையில் வேறு நல்ல சேலையே வைக்காமல் கிளம்பினாள்.

திருச்சியில் காலை ஐந்தரைக்கு ஏறினோம். திண்டுக்கல் சுமார் நூறு கிலோமீட்டர், டிக்கெட் தலைக்குத் தொண்ணூறு ரூபாய். மணப்பாறை தாண்டியதும் வலப்பக்க ஜன்னல் வேண்டாம், இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் அடித்தாலும் மலை தெரியும். எங்கள் டிரைவர் மேட்டில் கியரை மாற்றாமல் வண்டியை முனக விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் நூற்றிருபது ரூபாய். சின்னாளபட்டி அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர். டவுன் பஸ்சில் எனக்குப் பதினைந்து ரூபாய், மலருக்கு இலவசம். "உங்களுக்கும் சேத்து நான் எடுக்கட்டா?" என்று வேறு கேட்டாள்.

சாயப்பட்டறைக்காரர் முருகேசன், எங்கள் வயதுதான் இருக்கும். சேலையைப் பிரித்து, இதுதான் முந்தானை என்று மலர் காட்டியதும் முகம் சுளித்தார்.

"கட்டுனது யாரு தாயி?"

"இவருதாண்ணே."

"ஏண்ணே, முந்தானையில இருந்தா ஆரம்பிச்சீக? உள்ள சொருகுற முனையில ஆரம்பிச்சு, கை பழகுன பெறகுதான் முந்தானைக்கு வருவாக. நீங்க பள்ளிக்கூடத்துல சேந்த அன்னைக்கே பரீச்சை எழுதிருக்கீக!" முடிச்சுகளை நெருடிப் பார்த்தார். "அம்புட்டும் லூசு. சாயம் உள்ள போயிரும். இந்தப் பக்கத்த அவுத்துட்டுத் திரும்பக் கட்டிட்டு வாங்க."

நான் சேலையைச் சுருட்டப் போனேன். மலர் என் கையைப் பிடித்தாள். "நாளைக்குக் கல்யாணம்ணே. முக்குங்க. வாரது வரட்டும்."

அரக்குச் சாயத்தில் முக்கி, அலசி, காயப்போட்டு எடுக்க மதியம் இரண்டாகிவிட்டது. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியைக் குறுக்காகச் சுண்டி இழுத்தால், நூலெல்லாம் படபடவென்று தெறித்து விழும். மலர் ஒரு பக்கம், முருகேசன் ஒரு பக்கம். முந்தானை திறந்தது. அவர் சொன்னது சரிதான். புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்குச் சிவப்பில் கறை. கையும் பழகாமல் மனசும் சரியில்லாமல் இருந்த மாதங்களில் கட்டியது. அழுகை வந்துவிட்டது எனக்கு. இதற்கும் நான் லாயக்கில்லை என்று நினைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மலர் நிறுத்தவில்லை. இழுக்க இழுக்கப் புள்ளிகள் தெளிந்துகொண்டே வந்தன. கடைசி முனை வந்தபோது முருகேசனின் கை நின்றது. சக்கரத்துக்குள் சக்கரம், அதற்குள் இன்னொரு சக்கரம், எல்லாம் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள்.

"இடுப்புல சொருகுற முனையில எதுக்குண்ணே இம்புட்டு வேலை? யாரு பாக்கப் போறா?"

"கட்டும்போது நான் பார்த்தேனே," என்றேன். உண்மையும் அதுதான். அந்த இடத்துக்கு வந்தபோது கை நன்றாகப் பழகியிருந்தது, மனசும் சரியாகியிருந்தது. நிறுத்த மனமில்லாமல் என் ஆசைக்குக் கட்டியது.

மலர் அந்த முனையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கறை விழுந்த முனையைச் சுருட்டி இடுப்பில் சொருகினாள். நான் வாங்கிக் கட்டியது கரையில்லாத வெறும் வெள்ளைச் சேலை. எந்த முனையும் முந்தானை ஆகலாம்.

"செத்த நேரத்துல மனுசன அழ வச்சிட்டீகளேண்ணே," என்றாள் முருகேசனிடம். "இப்ப இதுதான் முந்தானை."

"இத்தன வருசமா சாயம் போடுறேன், எனக்குத் தோணலையே தாயி!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முதுகுதான் விடவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: காலை பத்துக்குள் பட்டறைக்குப் போய்விடுங்கள், வெயில் வீணாகாது. மழைக்காலம் வேண்டாம். வெள்ளைச் சட்டை போடவே போடாதீர்கள், என்னுடையது போய்விட்டது. சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் திரும்பி வத்தலக்குண்டு பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். வீட்டில் சும்மா இருக்கும்படி ஆனவர்கள் யாராவது இதைப் படித்தால், எதையாவது கையால் செய்யத் தொடங்குங்கள். முதலில் கறையாகத்தான் வரும். வரட்டும்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் மலரின் முந்தானையைப் பிடித்துப் பார்க்காத பெண் இல்லை. அதில் இரண்டு பேர் தங்களுக்கும் கட்டித் தரச் சொன்னார்கள். குடும்பத்தில் இதற்கு முன் நடந்த கல்யாணத்தில் மச்சான், அதாவது மலரின் அண்ணன், என்னைச் சம்பந்திகளிடம் அறிமுகப்படுத்தியது நினைவிருக்கிறது: "முன்னாடி பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தாரு." இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் கேட்டதும், என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"எங்க மாப்ள. சேலைக்குப் புள்ளி கட்டுறாரு."