சூசை மச்சானின் கயிறு

சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் பேதி மருந்து குடித்துவிட்டுப் படு என்று விரட்டுகிற ஆள் நான். ஆயுசு முழுக்க கம்பவுண்டர் வேலை பார்த்தவன், எதையும் அவுன்ஸ் கணக்கில் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது.

யுத்த காலம். தூத்துக்குடியில் உப்பளத்தைத் தாண்டிக் கடலோரமாக ஒரு தனியார் மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது போய்த் தேடினால் கல்கூட இருக்காது. ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் தூக்க மருந்து, அதைக் கலந்து கொடுப்பது நான். ஆறாம் கட்டிலில் படுத்திருந்தவர் என் அக்காள் புருஷன், சூசை மச்சான்.

அவர் சங்கு குளிக்கிறவர், சர்க்கார் சலாபம் என்று முத்துக்குளிப்பு நடத்தினால் அதற்கும் இறங்குவார். எங்கள் பக்கத்தில் கடலுக்குள் இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் தோணியில் இருந்து பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுவதற்கு எவன் சம்மதிப்பான்? கீழே மூச்சு முட்டினால் அவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான், மேலே இருக்கிறவன் மறுபேச்சில்லாமல் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் நான்தான் பிடித்தேன். எனக்கோ தோணியில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். கம்பவுண்டர் படிப்பு கிடைத்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கரையேறிவிட்டேன். பிறகு கூலிக்கு வந்த ஒருவன் கயிறு பிடித்தான். அவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் சுண்டியிருக்கிறார். மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது, புத்தி இல்லை. அக்காள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நான்தான் அவரை அங்கே சேர்த்தேன். கொஞ்சம் தேறியும் வந்தார். அந்த ஆனி மாதத்தில் சாவு ஆரம்பித்தது. பதினைந்து நாளில் மூன்று பேர், மூன்றும் மத்தியானத் தூக்கத்தில். டாக்டர் மூன்றுக்கும் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினார். மூன்றாவது ஆளை எடுக்கும்போது பார்த்தேன், கைவிரல் எல்லாம் தண்ணீரில் ஊறினது போலச் சுருங்கியிருந்தது, தலையணை நனைந்திருந்தது. கம்பவுண்டர் புத்தி, தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு. வியர்வையும் கரிக்கும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் சந்தேகமெல்லாம் மருந்தின் மேல்தான். யுத்தத்தால் பழைய மருந்து வருவது நின்று, லேபிள் இல்லாத ஒரு ஜாடியை டாக்டர் எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். துணிந்து கேட்டேன்.

"ஐயா, அந்த ஜாடி மருந்த ரெண்டு நாள் நிறுத்திப் பாப்பமே."

"மருந்துல கோளாறுன்னா போலீஸ் வரும். கலந்தது யாருன்னு கேக்கும். யாருவே கலந்தது?"

போய் அதே ஜாடியில் இருந்து அளக்க ஆரம்பித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் டாக்டரே கூட வந்து நின்று ஒவ்வொருவரும் குடிக்கிறார்களா என்று பார்த்தார். வெறும் தண்ணீரைக் கொடுத்து மச்சானைக் காப்பாற்றலாம் என்று போட்டிருந்த திட்டம் பாழ். மச்சான் தன் வேட்டியைக் கிழித்து முறுக்கி நாலு முழத்துக்கு ஒரு கயிறு வைத்திருந்தார். ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இதக் குடிச்சா கீழ போயிருவேன். புடிச்சுக்கோ."

"தூக்க மருந்து மச்சான். ஒண்ணும் செய்யாது."

"அந்த மூணு பேரும் கீழதான் கெடக்கானுவ. அவனுவளுக்குக் கயிறு புடிக்க ஆளில்ல. நீ விட்டுராத, என்னா? ஒரு தடவ விட்டுட்டல்லா."

கயிற்றை விட்டுப் போனதைப் பற்றி அவர் என்னைக் கேட்டது அது ஒன்றுதான். குடித்தார், படுத்தார். டாக்டர் போய்விட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக் கயிற்றோடு உட்கார்ந்தேன். நல்ல வெயில், ஜன்னல் வழியாக உப்பளத்துப் பெண்கள் பேசுவது கேட்கிறது. ஏழாம் கட்டிலில் ஓட்டப்பிடாரத்து வாத்தியார் ஒருவர், அவர் குறட்டை வார்டையே தூக்கும். அது சட்டென்று நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் என் கையில் கயிறு சுண்டியது.

மச்சான் அசையவில்லை. நெஞ்சில் கை வைத்து மல்லாந்து கிடக்கிறார். ஆனால் அவர் இடுப்புக்குப் போக வேண்டிய கயிறு என் கையில் இருந்து கட்டில் ஓரமாக நேரே தரைக்குள் இறங்கி விறைத்து நிற்கிறது. நம்பினால் நம்புங்கள். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். நாலு முழக் கயிறு வந்துகொண்டே இருக்கிறது, ஈரமாக, பாசி வாடையோடு, என் காலடியில் குவிகிறது. பழைய பழக்கத்தில் வாய் தானாக எண்ணியது, இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், அப்படி ஒன்பது பாகம். அத்தனை பாகமும் "மாதாவே, அக்காளுக்காக" என்று அழுதுகொண்டே இழுத்தேன்.

மச்சான் துள்ளி எழுந்து உட்கார்ந்தார், குபுகுபுவென்று தண்ணீர் கக்கினார். குனிந்து பார்த்தால் என் கையில் அதே நாலு முழத் துணிக்கயிறு, காய்ந்து கிடக்கிறது. என் உள்ளங்கை மட்டும் கிழிந்து ரத்தம். வாத்தியார் செத்துப் போயிருந்தார்.

"வாத்தியாரு என் காலப் புடிச்சாரு மாப்ள," என்றார் மச்சான், மூச்சு வாங்க வாங்க. "ரெண்டு பேர உன்னால இழுக்க முடியாதுன்னு ஒதறிட்டேன்."

அதிலிருந்து அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அந்த ஜாடியைக் கொண்டுபோய்க் கல்லில் போட்டு உடைத்தேன், டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். மருந்துதான் கொன்றதென்றால் அதையே குடித்த மச்சானும் மற்றவர்களும் எப்படிப் பிழைத்தார்கள் என்று எத்தனையோ தடவை யோசித்தாகிவிட்டது.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் என் வலது உள்ளங்கையில் சுண்டும். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. மொத்தம் நாலு. அந்த மூன்று பேருக்கும் வாத்தியாருக்கும் மருந்து கலந்த கை இது. மச்சானிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். "எத்தன?" என்று கேட்டார், நாலு என்றேன், தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன ஆடியில் மச்சான் காலமானார். எழுபது தாண்டிய வயது, பேரன் பேத்தி சூழத் தூக்கத்திலேயே போனார், கல்யாணச் சாவு என்றார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் தெரியாமல் கண் அசந்துவிட்டேன். நாலு வந்தது. எழுந்திருக்கப் போனேன், ஐந்தாவது சுண்டியது. அது யார் சுண்டுவது என்று என் கைக்குத் தெரியாதா, இரண்டு வருஷம் பிடித்த கயிறல்லவா. இழுக்கத்தான் என் கையில் இப்போது கயிறு இல்லை.