உண்ணிக் காய்ச்சலும் எருதாட்டமும்

பிள்ளைகளா, ஆஸ்பத்திரியில் யார் வந்து படுத்தாலும் அப்பா எருதாட்டத்தைப் பற்றியே விசாரிக்கிறார் என்று சிரிக்கிறீர்களே, காரணத்தைச் சொல்கிறேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

பென்னாகரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் அறையில்தான் எனக்கு வேலை. உண்ணிக் காய்ச்சல் என்று யார் சேர்ந்தாலும் அவர் ஊரைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். அது சென்னை போய், டெல்லி போய், நாடு முழுக்க எங்கெங்கே இந்தக் காய்ச்சல் என்று கணக்காகும். எந்த ஊர்ப் பெயர் அடிக்கடி வருகிறதோ, அந்த ஊர் ஆடு மாடுகள் மேல் இருக்கும் உண்ணி சாக மருந்தடிக்க ஆள் வரும்.

ஒருநாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அனலாய்க் கொதித்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மகள்.

"எந்த ஊருங்கண்ணா?"

"ஏரிக்கரைங்க சார்."

மகள் சட்டென்று கூரையைப் பார்த்தாள். எனக்குச் சந்தேகம். பேச்சை மாற்றுகிற மாதிரி, "இந்த வருசம் எருதாட்டத்துல எந்த ஊரு மாடு நல்லா ஆடுச்சு?" என்றேன்.

அத்தனை காய்ச்சலிலும் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க காட்டோரத்து மாடுதான்! ஏரிக்கரையானுங்க மாடு கயித்தக் கண்டதுமே படுத்துக்கிச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"எழுதிடாதீங்க சார். இவளுக்குத் தை மாசம் கல்யாணம். உண்ணிக்காச்ச ஊருன்னு தெரிஞ்சா மாப்ள வூட்ல வேணாம்னுடுவாங்க."

"மாப்ள எந்த ஊரு?"

"ஏரிக்கரை."

"அட, சம்பந்தி தலையிலயே கட்டிட்டீங்களா!"

"அவங்ககிட்ட ஆடே இல்லீங்க. மருந்தடிக்க வர்றவன் சும்மா சுத்திப் பாத்துட்டுப் போவட்டும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டேன்: "சரிங்கண்ணா, நீங்க இங்க படுத்துட்டா ஆட்டுப்பட்டிக்குள்ள யாரு போறது?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தி, அதுவரை புறங்கையைச் சொறிந்துகொண்டிருந்ததையும் நிறுத்தினாள்.

"காட்டோரம்னே போட்டுக்குங்க," என்றார் மெதுவாக. "டெல்லிக்காரன் சம்பந்திகிட்ட சொல்லுவானா?"

"அவனுக்கு ஏரிக்கரைக்கு பஸ்ஸே தெரியாதுங்க."

"அப்ப மருந்து நல்லா அடிக்கச் சொல்லுங்க. பட்டிக்கு மட்டுமில்ல, உண்ணி மண்டிக் கெடக்குற எங்க கெடாவோட காதுக்குள்ளயும்."

இருவரையும் வார்டுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த ஆள் இன்னும் உள்ளே வரவில்லை. காட்டோரம் என்றே ஊர்ப் பெயரைத் தட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், வரிசையில் நிற்கிறவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் எழுத்தெல்லாம் தெரியும். அடுத்து நிற்பவர் ஏரிக்கரைக்காரராகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் பிடித்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.